நாலாவது அடுக்கு

பானைச் சில்லுக்கு நிறம் கிடையாது. படத்தில் கிடையாது என்று சொல்கிறேன். டெல்லி லோதி ரோட்டில் ஓர் அரசு அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷமாக எனக்கு வேலை, மண்ணுக்குள்ளிருந்து தோண்டியெடுத்த சில்லுகளைப் பென்சிலால் வரைவது. அதற்கென்று சட்டதிட்டங்கள் உண்டு. வெளிச்சம் எப்போதும் இடது மேல் மூலையிலிருந்துதான் விழ வேண்டும். நிழலைத் தேய்த்துப் போடக் கூடாது, கோடு கோடாகத்தான் போட வேண்டும்; தேய்த்தால் அச்சில் சேறாகிவிடும். அந்தக் கோடுகளும் பானையின் வளைவை மட்டும்தான் காட்டலாம். சில்லு அடுப்புக்கரி மாதிரி இருந்தாலும் சரி, கோட்டில் கறுப்பைக் காட்டக் கூடாது. காட்டினால் எது குழிவு, எது நிறம் என்று பார்க்கிறவன் குழம்பிவிடுவான். நிறத்தைக் கீழே கட்டம் போட்டு எழுத்தில் எழுதுவோம். நிறம்: கறுப்பு. நிறம்: செங்கல். அவ்வளவுதான். படம் ஒன்று சொல்லி எழுத்து ஒன்று சொன்னால், எழுத்துதான் செல்லும்.

இந்தச் சட்டத்தை ஒரே ஒரு தடவை மனுஷ முகத்துக்குப் பயன்படுத்தினேன். என் பெயர் உமாமகேஸ்வரி. எனக்கு வாய் நீளம், கோபம் மூக்கு நுனியில் என்று ஆபீஸில் எல்லோரும் சொல்வார்கள். அதை நான் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

பொன்னம்மாள் என் குவார்ட்டர்ஸில் பதினொரு வருஷமாக வேலை செய்கிறாள். கள்ளக்குறிச்சிப் பக்கம். ஜங்புராவில் நாலா என்கிற சாக்கடைக் கால்வாய் ஓரமாக, மதராசி கேம்ப் என்ற தமிழர் குடிசைப் பகுதியில் குடியிருந்தாள். அங்கிருந்து என் வீட்டுக்கு நடந்தே வந்துவிடுவாள். இரண்டாயிரத்து இருபத்தைந்து ஜூனில் கேம்ப்பை இடித்தார்கள். ஊரின் வடக்குக் கோடியில், நரேலாவில் அவளுக்கு ஒரு வீடு கிடைத்தது. எத்தனையோ பேருக்கு அதுவும் கிடைக்கவில்லை என்பதால் அவள் கொடுத்துவைத்தவள் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். அந்தக் கொடுத்துவைத்தவள் காலை ஐந்தேகாலுக்கு பஸ் பிடித்து, காஷ்மீரி கேட்டில் இறங்கி, வேறு பஸ் மாறி, எட்டு மணிக்கு என் வாசலில் நிற்பாள். டெல்லி ஊருக்குள்ளேயே தினமும் ஐந்தரை மணி நேரப் பிரயாணம்.

புருஷன் கொரோனாவில் போன பிறகு அவளுக்கு மிச்சம் ஒரே மகள். ஸ்நேஹா, பத்தொன்பது வயது. லாஜ்பத் நகரில் மேக்கப் சாமான் விற்கிற கடையில் வேலை பார்த்தாள். கவுன்ட்டரில் நிற்கவிடவில்லை, பின்கட்டில் அட்டைப் பெட்டி பிரித்து அடுக்குகிற வேலை. முகத்துக்கு க்ரீம் விற்கிற இடத்தில் அவள் முகம் சரிவராது என்று முதலாளி நாசூக்காகச் சொன்னாராம். கேள்விப்பட்டு நான்தான் தாம்தூம் என்று குதித்தேன். அவள் சிரித்தாள். "விடுங்க ஆன்ட்டி, பின்னாடி ஃபேன் இருக்கு. ஆராம்ஸே உக்காந்து வேலை பாக்கறேன். முன்னாடி நிக்கறவங்களுக்குத்தான் கால் வலி."

ஸ்நேஹா நல்ல கறுப்பு. நானும் கறுப்புதான், ஆனால் அவளது கறுப்பில் ஒரு மினுமினுப்பு உண்டு. கன்ன எலும்பிலும் மூக்குத் தண்டிலும் வெளிச்சம் வந்து பளிச்சென்று உட்காரும். வரைகிறவளுக்கு அந்த மாதிரி முகம் லேசில் கிடைக்காது. ஒருநாள் உட்காரச் சொல்லி வரைய வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். உட்காரச் சொல்லவேயில்லை.

நவம்பரில் ஒரு புதன்கிழமை, பொன்னம்மாள் எட்டு மணிக்குப் பதில் பத்தரைக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைவரை வந்துவிட்டாள்.

"புள்ள நேத்து வரலக்கா. எட்டு மணிக்குக் கடய விட்டுக் கெளம்பிட்டான்னு சொல்றாங்க. போனு சுவிச்சாப்பு."

வீட்டுப் பக்கத்து போலீஸ் ஸ்டேஷனில், கடைப் பக்கம் போய்க் கேள் என்றிருக்கிறார்கள். கடைப் பக்கத்து ஸ்டேஷனில், வீடு எங்கேயோ அங்கே போ என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு இடத்திலும், எவனோடாவது போயிருப்பாள் என்று ஒரே பதிலை இனாமாகக் கொடுத்திருக்கிறார்கள். ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு அவளை இழுத்துக்கொண்டு நான் கிளம்பினேன். கடைப் பக்கத்து ஸ்டேஷனில் அரை மணி நேரம் கத்தினேன். புகாரை எழுதிக்கொண்டார்கள். என் வாய் அன்றைக்கு ஒரு காரியம் சாதித்தது. அதற்கும் சேர்த்து வட்டியோடு பிற்பாடு வாங்கிக்கொண்டது.

போட்டோ கேட்டார்கள். அங்கேதான் சிக்கல் வந்தது. பொன்னம்மாளிடம் இருப்பது பட்டன் போன். ஸ்நேஹா தீபாவளிக்கு எனக்கு அனுப்பிய படங்கள் என் போனில் இருந்தன. எல்லாம் ஃபில்டர் போட்ட படங்கள். மைதா மாவில் முக்கியெடுத்த மாதிரி வெள்ளை முகம், தலையில் முயல் காது, கண் இரண்டும் கோலிக்குண்டு. பார்த்துவிட்டு எழுதுகிறவர் சிரித்தார். "இது பொண்ணா, பொம்மையா மேடம்?" ஆதார் அட்டை அவள் பையோடு போய்விட்டது. வீட்டிலிருந்த ஜெராக்ஸில் பதினொரு வயது முகம் ஒரு கரித்திட்டாக இருந்தது.

"நான் வரைஞ்சு தரேன்" என்றேன்.

என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தோம். பொன்னம்மாள் எதிரே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். ஜெராக்ஸ் எடுக்கிறபோது படம் சேறாகாமல் நிற்க வேண்டுமே என்று, தேய்க்காமல் கோடாகவே போடுவதென்று முடிவு செய்துகொண்டேன். முதலில் எச்.பி. பென்சில். வலது மேலிருந்து இடது கீழாகச் சாய்ந்த கோடுகள், நெருக்கமாக, முகம் முழுக்க. கன்ன எலும்பு, மூக்குத் தண்டு, கீழுதடு, நெற்றியில் ஒரு காசளவு, இந்த நாலு இடத்திலும் காகிதத்தை அப்படியே வெள்ளையாக விட்டேன். இரண்டாவது அடுக்கு எதிர்ச்சாய்வில், அதைவிடக் கறுப்பான டூ பி பென்சில். மூன்றாவது, கண்ணுக்குக் கீழேயும் தாடைக்குக் கீழேயும் படுக்கைவசமாக. நாலாவது அடுக்கை இன்னும் கறுப்பான ஃபோர் பி எடுத்து, கன்னம் எப்படி வளைகிறதோ அப்படியே வளைத்து, அழுத்தி ஓட்டினேன்.

நாலாவது அடுக்கில்தான் கறுப்பு முகம் உயிர் பெறும். சுற்றிலும் இருட்ட இருட்ட, விட்டுவைத்த வெள்ளை தானாகவே வெளுக்கும். கோடுகளுக்கு நடுவிலிருந்து ஸ்நேஹா மெதுவாக வெளியே வந்தாள். அப்படியே அவள்.

"அவதான்க்கா" என்றாள் பொன்னம்மாள். கையை நீட்டித் தொடப்போனாள், தொடவில்லை. "கையில எப்பவும் மஞ்சக் கலரு ரப்பர் பேண்டு போட்டிருப்பாக்கா, தல முடிய கட்றது. கழட்டவே மாட்டா."

"முகம் போதும் பொன்னம்மா. கை வேண்டாம்."

அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, யாரோ பக்கத்து அறையில் கேட்டுவிடுவார்கள் என்பதுபோல, "இவ்ளோ வேணாம்க்கா" என்றாள்.

"எவ்வளவு?"

"இந்தக் கோடு. எம்பொண்ணு மாநிறந்தானேக்கா."

நான் அவளை நிமிர்ந்து பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

மாநிறம் என்பது நிறமே இல்லை. பெண்ணைப் பெற்றவர்கள் பேசுகிற மரியாதை வார்த்தை அது. எனக்கு வரன் பார்த்தபோது என் அப்பாவும் ஜாதகக் குறிப்பில் அதைத்தான் எழுதினார். என் முகத்தையும் அந்த வார்த்தையையும் மாறி மாறிப் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் மிக்சரைக் கொறித்தார்கள். அப்பாவிடம் யாரும், சார் இது மாநிறமில்லையே என்று கேட்டதில்லை. பெண்ணைப் பெற்றவரிடம் அதைக் கேட்க மாட்டார்கள். எங்கள் ஊர்களில் எங்குமே கேட்க மாட்டார்கள். மகளைக் காணாமல் உட்கார்ந்திருக்கிறவளிடம், உன் மகள் கறுப்புதான் என்று நான் எந்த வாயால் சொல்ல?

பிசைகிற ரப்பர் ஒன்று உண்டு. அதை வைத்துத் தேய்க்கக் கூடாது. ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். நாலாவது அடுக்கை ஒற்றியெடுத்தேன். "இன்னும் கொஞ்சம்க்கா" என்றாள். மூன்றாவதையும் எடுத்தேன். கரி ரப்பரோடு வந்துவிட்டது. அழுத்திப் போட்ட இடத்தில் காகிதம் பள்ளம் விழுந்திருந்தது. சாய்த்துப் பிடித்தால் கோடுகள் எல்லாம் அப்படியே தெரிந்தன, நேராகப் பார்த்தால் இல்லை. யாரோ ஒரு பெண், ஸ்நேஹாவின் சித்தி மகள்போல, காகிதத்தில் இருந்தாள்.

பரவாயில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கோடு வடிவத்துக்குத்தானே, நிறத்துக்குத்தான் எழுத்து இருக்கிறதே. ஆபீஸ் பழக்கத்தில் படத்துக்குக் கீழே கட்டம் போட்டேன். இந்தியில் எழுதினேன். பெயர், வயது, உயரம். உடை என்ற இடத்தில் தெரியாது என்று எழுதினேன். செவ்வாய்க்கிழமை மகள் எழுந்திருக்கும் முன்பே பொன்னம்மாள் பஸ் ஏறிவிட்டாள், அவள் எதை உடுத்திக்கொண்டு போனாள் என்று பெற்றவளுக்குத் தெரியாது. கடைசியில் நிறம். பென்சில் அங்கே நின்றது. பொன்னம்மாளுக்கு இந்தி படிக்க வராது. நான் எதை எழுதினாலும் அவளுக்குத் தெரிந்திருக்காது. இருந்தும் 'கேஹுவா' என்று எழுதினேன். கோதுமை நிறம். நம்முடைய மாநிறத்துக்கு இந்தியில் அதுதான் மரியாதை வார்த்தை. அதற்குக் கீழே என் போன் நம்பரைப் பெரிதாகப் போட்டேன்.

ஜெராக்ஸ் மெஷின் மிச்சமிருந்த இரண்டு அடுக்கில் பாதியைத் தின்றுவிட்டது. நூறு காப்பி எடுத்து வியாழக்கிழமை முழுக்க ஒட்டினோம். லாஜ்பத் நகர் பஸ் ஸ்டாப், ஆசிரமம் சந்திப்பு, காஷ்மீரி கேட். போகிற வழியில் கண்ணில் பட்ட ஸ்டேஷன்களில் எல்லாம் கொடுத்தோம். பொன்னம்மாள் ஒவ்வொன்றையும் ஒட்டிவிட்டு, முந்தானையால் அந்த முகத்தை ஒரு தரம் துடைத்துவிட்டு நகர்ந்தாள்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ஆபீஸில் என் போன் அடித்தது. மேஜையில் நாலு சில்லு, சுற்றிலும் சக ஊழியர்கள். ஏதோ ஒரு ஸ்டேஷனிலிருந்து ஓர் ஏட்டு இந்தியில் பேசினார். வயசான குரல்.

"மேடம், உங்க போஸ்டர் பாத்தேன். எங்ககிட்ட ஒரு பொண்ணு இருக்கு. ஆஸ்பத்திரி பிணவறையில. ரோட்ல அடிபட்டது. வயசு இருபது இருக்கும். ஆனா பொண்ணு காலி. நீங்க கேஹுவான்னு எழுதியிருக்கீங்க."

"அப்புறம் எதுக்கு எனக்குப் போன் பண்றீங்க?"

"இல்ல, நீங்க மதராசிதானே. மதராசிப் பொண்ணுன்னா காலியாத்தான் இருக்கும்னு..."

எனக்கு எட்டு வயதில் அப்பாவுக்கு டெல்லிக்கு மாற்றல் ஆனது. பள்ளிக்கூடத்தில் முதல் நாள், இடைவேளையில் பையன்கள் என்னைச் சுற்றி நின்று காலி காலி என்று கத்தினார்கள். எனக்கு இந்தி தெரியாது. எது காலி என்கிறார்கள் என்று என் டிபன் டப்பாவைத் திறந்து பார்த்தேன். இட்லி இருந்தது. பையைத் திறந்து பார்த்தேன். புத்தகமெல்லாம் இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து, காலி இல்லை என்று அவர்களுக்குக் காட்டினேன். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். காலி என்றால் கறுப்பி என்று சாயங்காலம் அப்பா சொன்னார். நாற்பது வருஷமாயிற்று. பஸ்ஸில், ஆபீஸில், காய்கறிக் கடையில் அந்த வார்த்தை எத்தனையோ தடவை காதில் விழுந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அந்த டிபன் டப்பாவைத் திறந்துகொண்டு நான் நின்றிருக்கிறேன்.

அத்தனையும் அந்த ஏட்டின் தலையில் போய் விழுந்தது. "மதராசின்னா எல்லாரும் காலியா? டெல்லியில கறுப்பா யார் செத்தாலும் எனக்குப் போன் பண்ணுவீங்களா? கட்டத்துல என்ன எழுதியிருக்கோ அதைப் படிங்க. படிக்கத் தெரியுமில்ல?"

"கோவப்படாதீங்க மேடம், ஒரு தரம் வந்து பாத்துட்டா... அந்தப் பொண்ணு கையில ஒரு..."

போனை வைத்துவிட்டேன். பக்கத்து மேஜைக்காரி, சபாஷ் உமாஜி, நன்றாகக் கொடுத்தீர்கள் என்றாள்.

சாயங்காலம் என் கணவர் சந்திரசேகரிடம் சொன்னேன். அவர் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தி, "அவன் மரியாதையாத்தானே கேட்டிருக்கான். திருப்பிப் போன் பண்ணிப் பாரேன்" என்றார். உங்களுக்கு என்ன தெரியும், நீங்கள் சிவப்பு என்று அவர் மேலும் பாய்ந்தேன்.

கோபம் என்று நான் இதைச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். கோபம் மட்டுமில்லை. பிணவறை என்ற வார்த்தையைக் கேட்டதுமே நான் பயந்துவிட்டேன். ஸ்நேஹா கறுப்பு என்று எனக்குத் தெரியும். நாலு அடுக்குக் கறுப்பு என்று என் கைக்குத் தெரியும். அந்தப் பெண் வேறு யாராகவோ இருக்க வேண்டும் என்பதற்காக, நானே எழுதிய பொய்யை எடுத்து நானே முன்னால் பிடித்துக்கொண்டேன். காலையில் கூப்பிடலாம் என்று நினைத்தேன். சனிக்கிழமை காலையில், மத்தியானம் கூப்பிடலாம் என்று நினைத்தேன். அந்த மனுஷரிடம் போய் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று கூச்சமாக இருந்தது. ஒரு கூச்சம், அவ்வளவுதான். பிறகு, நிஜமாகவே அது ஸ்நேஹா இல்லை என்று நம்பவும் ஆரம்பித்துவிட்டேன். பொன்னம்மாளிடம் நான் இதைச் சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து, காணாமல் போனவர் புகார்களைக் கவனிக்கிற ஓர் அதிகாரி எங்களை ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி, அடையாளம் தெரியாத உடல்களின் படங்கள் ஒட்டிய பெரிய நோட்டைப் பிரித்து வைத்தார். பொன்னம்மாள் ஒவ்வொரு பக்கத்துக்கும் சாமி பெயரைச் சொல்லிக்கொண்டு புரட்டினாள். ஏழாவதோ எட்டாவதோ பக்கத்தில் அவள் விரல் நின்றது. நான்தான் எட்டிப் பார்த்தேன்.

ஃபில்டர் இல்லாத படம் அது. இடது கன்னம் வீங்கியிருந்தது. வலது கன்னத்தில் எலும்பின் மேல், ஃபிளாஷ் வெளிச்சம் பளிச்சென்று உட்கார்ந்திருந்தது. கீழே கட்டத்தில் இந்தியில் எழுதியிருந்தது. நிறம்: கறுப்பு. மணிக்கட்டில் மஞ்சள் ரப்பர் பேண்ட்.

செவ்வாய் இரவு காஷ்மீரி கேட்டுக்கு முன்னால் சாலையைக் கடக்கும்போது ஏதோ ஒரு வண்டி இடித்துவிட்டு நிற்காமல் போயிருக்கிறது. பையை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். விதிப்படி மூன்று நாள் வைத்திருந்துவிட்டு, சனிக்கிழமை மத்தியானம் அநாதைப் பிணங்களோடு சேர்த்து மின்சாரத் தகனத்தில் எரித்துவிட்டார்கள். சனிக்கிழமை மத்தியானம். அந்த நேரத்தில் நான் வீட்டில் வத்தக்குழம்பு வைத்துக்கொண்டிருந்தேன். பொன்னம்மாள்தான் புளி கரைத்துக் கொடுத்தாள். வீட்டில் சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடிக்கிறது என்று வேலைக்கு வந்திருந்தாள்.

அதிகாரி ஒரு காகிதமும், பிளாஸ்டிக் உறையில் போட்ட அந்த ரப்பர் பேண்டும் கொடுத்தார். சாம்பல் கிடையாது. எல்லோருடையதும் ஒன்றாகப் போய்விட்டது. பொன்னம்மாள் அந்த உறையைக் கிழித்து, ரப்பர் பேண்டைத் தன் மணிக்கட்டில் போட்டுக்கொண்டாள். அதில் இரண்டு முடி சிக்கியிருந்தது. எழுந்திருக்கப் பார்த்தாள், முடியாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் அவளுக்கு அழுகைச் சத்தம் வந்தது. ஸ்டேஷனில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பதினாறாம் நாள் காரியம் என்று எதைச் செய்வது, எந்த நாளிலிருந்து எண்ணுவது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பொன்னம்மாள் வந்தாள். வேலைக்கு இல்லை. குளித்து, புடவை மாற்றிக்கொண்டு, விருந்தாளிபோல வந்திருந்தாள்.

"சுவத்துல மாட்றதுக்கு ஒரு படம் வேணும்க்கா. மால போட. போன்ல இருக்கறதெல்லாம் அவ இல்ல. நோட்டுல இருக்கறத மாட்ட முடியாது."

அதே காகிதத்தை எடுத்தேன். போஸ்டருக்குப் போட்ட மூலப் படம் அலமாரியில் இருந்தது. கீழே எழுதியிருந்த கட்டத்தைக் கத்தரித்து எறிந்தேன். புதிதாகப் போடுகிற தெம்பு எனக்கில்லை. அவள் அதே நாற்காலியில், இந்தத் தடவை பின்னால் சாய்ந்து உட்கார்ந்தாள். நான் பென்சிலைச் சீவினேன். எவ்வளவு போடுவது என்று கேட்க நாக்கு எழவில்லை. கன்னத்தில் மெதுவாகப் படுக்கைக் கோடு இழுத்தேன்.

"இன்னும் போடுங்கக்கா" என்றாள்.

போட்டேன்.

"இன்னும்."

மூன்றாவது அடுக்கு முடிந்தது. ஃபோர் பி எடுத்தேன். அழித்த இடத்தில் பள்ளங்கள் இருந்தனவே, பென்சில் முனை தானாகவே அவற்றில் போய் விழுந்து ஓடியது. நான் வரையவில்லை, போன தடவை போட்ட கோடுகள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயின. ஆனால் ரப்பர் ஒற்றின காகிதம் கரியைச் சரியாகப் பிடிக்கவில்லை. அங்கங்கே திட்டுத்திட்டாக நின்றது. இரண்டு தடவை, மூன்று தடவை அழுத்தினேன். "இன்னும்க்கா" என்று அவள் சொல்லிக்கொண்டேயிருந்தாள். கண்ணில் தண்ணீர் முட்டி எனக்குக் காகிதம் தெரியவில்லை.

"பதிமூணு வயசுல கொழாயடியில எல்லாரு முன்னாடியும் அடி கருவாச்சின்னு கூப்ட்டுட்டேன்க்கா" என்றாள் பொன்னம்மாள், படத்தைப் பார்த்தபடியே. "செல்லமாத்தான் கூப்ட்டேன். ரெண்டு நாளு சோறு திங்கல. இனிமே அந்த வார்த்தைய யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு அவ தலையில அடிச்சு சத்தியம் பண்ணச் சொன்னா. பண்ணேன். அப்பலேர்ந்து யாரு கேட்டாலும் மாநிறந்தான். இங்க உக்காந்துகிட்டு, காணாமப் போன புள்ள தல மேல பண்ண சத்தியத்த மீறுனா அவளுக்கு எதனா ஆயிடுமோன்னு பயந்தேன்க்கா."

நான் பென்சிலைக் கீழே வைத்தேன். ஸ்நேஹா வந்துவிட்டாள். கொஞ்சம் திட்டுத்திட்டாக, கொஞ்சம் வயசு கூடினவளாக, ஆனால் அவள்தான்.

"மொதல்ல இப்டித்தானேக்கா போட்டீங்க" என்றாள். "நாந்தான் அழிக்கச் சொன்னேன். எம்புள்ளய நானே அழிச்சுட்டேன்."

"இல்லை பொன்னம்மா. நான்..." என்று ஆரம்பித்தேன்.

"நீங்க என்னக்கா பண்ணுவீங்க. நீங்க ஒருத்தருதான் அலைஞ்சீங்க." படத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். கரி ஒட்டாமலிருக்க மேலே நான் வைத்த வெள்ளைத் தாளைச் சரிசெய்தாள். மணிக்கட்டில் அந்த மஞ்சள் ரப்பர் பேண்ட் இருந்தது. வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"ஒண்ணுதான்க்கா மனசு ஆறல. மூணு நாளு வெச்சிருந்தாங்களாமே. போஸ்டர்ல ஒங்க நம்பர அவ்ளோ பெருசா போட்டிருந்தமே. ஒரு மனுசனுக்குக்கூட, இது அவளா இருக்குமோன்னு ஒரு போனு பண்ணணும்னு தோணலியேக்கா?"

அவள் பதிலுக்காக நின்றாள்.

"தோணலை பொன்னம்மா" என்றேன். "ஒருத்தரும் பண்ணலை."